ஆடை கட்டிய நெருப்புக் கடல்

நீலகிரியின் மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்த வழியில் போகிறவர்கள் யானை நிற்கிறதா என்று பார்ப்பார்கள். மூட்டம் இறங்கிவிட்டால் அடுத்த வளைவு எங்கே என்று பார்ப்பார்கள். சாலைக்காக வெட்டிய மலைச்சுவரைப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே செம்மண்ணுக்கும் தேயிலை வேருக்கும் கீழே, எண்ணெய் தடவியதைப் போல மின்னும் கரிய கல் தெரிகிறது. ஊரில் அதற்குப் பெயர் கருங்கல். புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்பார்கள். கொல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்பட்ட ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல்லால் ஆனது. சென்னைப் பல்லாவரத்துப் பாறைகளை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அவர் பெயரையே இந்தக் கல்லுக்குச் சூட்டினார்.

நீலகிரியின் இந்தக் கல்லுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். பூமிக்கோ 450 கோடிக்கும் சற்று மேல். மலையை ஓர் ஏடாக வைத்துக்கொண்டால், அதில் முதல் 200 கோடி ஆண்டுகளின் பக்கங்கள் இல்லை. உலகில் வேறெங்கு தேடினாலும் நிலைமை பெரிதாக மாறாது. பூமி தன் பழைய பாறைகளை உள்ளே இழுத்து உருக்கிவிடுகிறது. எஞ்சியதை மழையும் காற்றும் கரைக்கின்றன. அந்த மழையின் வலுவை இந்தக் குந்தா வட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலைச்சரிவுகள் மண்ணும் மரமுமாகப் பெயர்ந்து வந்தன.

மழை ஓய்ந்து உறைபனி தொடங்கும் மார்கழியில், பௌர்ணமி நிலவு இந்த மலைகளுக்கு மேலே கிட்டத்தட்ட உச்சிவானம் வரை ஏறும். அங்கே மழை இல்லை, காற்று இல்லை, ஆறு இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமான பகுதிகளில் பெரும்பாலானவை 400 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே உறைந்தவை. குழந்தைகளுக்கு முயலாகவும் வடை சுடும் பாட்டியாகவும் காட்டப்படும் கருந்திட்டுகள் வயதில் இளையவை. பெரும் பள்ளங்களில் பின்னாளில் எரிமலைக் குழம்பு பெருகி உறைந்தவை. பூமி தொலைத்த முதல் பக்கங்களை நிலவு கிழிக்காமல் வைத்திருக்கிறது. அது எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்கு அந்த வெள்ளைப் பகுதியில்தான் பதில் தேட வேண்டும். இதை உணர மனிதருக்கு 1970 வரை காலம் பிடித்தது.

அதற்கு முன் நடந்தவை பெரும்பாலும் கணக்குகள். அவற்றில் மிக அழகானது ஜார்ஜ் டார்வினுடையது. பரிணாமக் கோட்பாட்டின் சார்லஸ் டார்வினுடைய மகனான இவர், கடலின் ஏற்றவற்றத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர். நிலவின் ஈர்ப்பால் கடல் பொங்குகிறது. பூமி வேகமாகச் சுழல்வதால் அந்தப் பொங்கல் நிலவுக்குச் சற்று முன்னால் போய் நிற்கிறது. பொங்கிய நீர் நிலவை முன்னோக்கி இழுக்க, நிலவு மெல்ல விலகுகிறது. பூமியின் சுழற்சி தளர்கிறது. அப்பல்லோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்து இந்த விலகலை அளந்திருக்கிறார்கள்: ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர். மஞ்சூரில் 80 வயது நிறைந்த ஒருவர் பிறந்தபோது இருந்ததைவிட நிலவு இன்று 3 மீட்டர் தள்ளியிருக்கிறது.

டார்வின் இந்தப் படத்தைப் பின்னோக்கி ஓட்டினார். ஆண்டுகள் பின்னால் போகப் போக நிலவு நெருங்கியது, நாள் சுருங்கியது. கடைசியில் சில மணி நேரமே கொண்ட ஒரு நாளும், பூமியை ஒட்டினாற்போல் ஒரு நிலவும் மிஞ்சின. அப்படியானால் இரண்டும் ஒரே உடலாக இருந்து, வேகச் சுழற்சியில் ஒரு துண்டு பிய்ந்து போயிருக்க வேண்டும் என்று 1870-களின் இறுதியில் அவர் எழுதினார். பிய்ந்த வடுதான் பசிபிக் பெருங்கடல் என்று 1882-இல் ஆஸ்மண்ட் ஃபிஷர் சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கதையில் தமிழ்க் கடற்கரைக்கும் பங்குண்டு. இந்திய நில அளவைத் துறையின் பெயர்டு என்ற பொறியாளர் அந்நாளில் இந்தியத் துறைமுகங்களில் ஏற்றவற்ற அளவிகளை நிறுவியிருந்தார். மெட்ராஸும் பாம்பனும் அந்தப் பட்டியலில் இருந்தன. 1885-இல் பெயர்டும் டார்வினும் சேர்ந்து அந்த அளவீடுகளின் பகுப்பாய்வை வெளியிட்டார்கள். நிலவின் இழுப்புக்குப் பூமியின் திட உடல் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று டார்வின் கணக்கிட்டபோதும் இந்தியத் துறைமுகக் குறிப்புகளைப் பயன்படுத்தினார். எஃகைப் போல விறைப்பானது பூமி என்ற முடிவுக்கு வந்தார். பாம்பன் கால்வாயில் ஏறி இறங்கிய தண்ணீரும் நிலவின் ரகசியத்தைத் தேடிய கணக்கில் சேர்ந்திருந்தது என்பது நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

ஆனால் நிலவு விலகுகிறது என்பதில் சரியாக இருந்த டார்வின், பிய்ந்தது என்பதில் தவறினார். பூமி சுழன்று பிய்ந்து போக வேண்டுமானால் ஒரு நாள் சுமார் 2 மணி நேரமாகச் சுருங்கியிருக்க வேண்டும். இன்று பூமியிடமும் நிலவிடமும் இருக்கும் சுழற்சி முழுவதையும் ஒன்றாகக் கூட்டி ஒரே உடலுக்குக் கொடுத்தாலும் நாள் 4, 5 மணி நேரத்துக்குக் கீழே இறங்காது. பசிபிக்கின் தரையோ 20 கோடி ஆண்டுகளைத் தாண்டாத இளந்தரை. 400 கோடி ஆண்டு வடுவை அதில் தேட முடியாது.

வேறு இரண்டு கருத்துகளும் உலவின. எங்கோ பிறந்து திரிந்த நிலவைப் பூமி பிடித்து வைத்துக்கொண்டது என்று 1909-இல் டி. ஜே. ஜே. சீ வாதிட்டார். வேகமாக வரும் அவ்வளவு பெரிய உடலை நிறுத்தி வைக்க ஏதோ ஒன்று தடைபோட்டிருக்க வேண்டும். எது என்று எவராலும் நிறைவாகச் சொல்ல முடியவில்லை. பிரான்சின் எடுவார் ரோஷ் கருதியதைப் போல, ஒரே தூசி மேகத்தில் இரண்டும் அருகருகே திரண்டன என்றால், இரும்பு ஏன் ஒருதலையாகப் பங்கிடப்பட்டது? பூமியின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இரும்புக் கரு. நிலவின் கருவோ அதன் எடையில் ஓரிரு விழுக்காடுதான். பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.5 மடங்கு, நிலவினுடையது 3.3 மடங்கு. இந்த ஒரு வேறுபாட்டைத் தாண்ட முடியாமலேயே பல கருத்துகள் விழுந்தன.

1970-இல் நிலவைச் சார்ந்து இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று இந்த நீலகிரியில். ஊட்டிக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா ஆதார ஆய்வு நிறுவனம் கட்டிய ரேடியோ தொலைநோக்கி அந்த ஆண்டு பிப்ரவரியில் கண் திறந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த ஊரின் அட்சரேகை 11 பாகை. அதே 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்தது. வானின் ஒரு புள்ளியை மணிக்கணக்கில் விடாமல் தொடர முடிந்தது. அதன் முதல் வேலையே நிலவைப் பயன்படுத்துவதுதான். தொலைதூர ரேடியோ மூலத்துக்கு முன்னால் நிலவு வந்து மறைக்கும்போது அலை எந்த நொடியில் அறுகிறது, எப்படித் தேய்ந்து அறுகிறது என்று பதிவு செய்தால், அந்த மூலத்தின் இடமும் அளவும் கிடைத்துவிடும். நிலவுக்குக் காற்றுமண்டலம் இல்லாததால் அதன் விளிம்பு கத்தி முனை போல இருக்கிறது. பழைய கற்களை அழியாமல் காத்த அதே வெறுமை, முத்தோரைக்கு ஒரு கூரிய அளவுகோலாகவும் ஆனது.

மற்றொன்று அதற்கு ஒரு மாதம் முன்பு, அமெரிக்காவின் ஹூஸ்டனில். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணை ஆராய்ந்தவர்கள் 1970 ஜனவரியில் அங்கே கூடினார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் இறங்கியது ஒரு கருந்திட்டில்; ஆகவே வந்த மண்ணும் பெரும்பாலும் கரியது. அதில் ஒரு சில வெள்ளைத் துணுக்குகள் கலந்து கிடந்தன. ஜான் வுட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. அவை அனார்த்தசைட் என்ற பாறையின் சில்லுகள் என்று கண்டார்கள். தொலைவில் தெரியும் வெள்ளை மேட்டு நிலத்தில் விண்கல் மோதியபோது அங்கிருந்து தெறித்து வந்தவை இவை. அப்படியானால் மேட்டு நிலம் முழுவதும் இந்தக் கல்தான் என்று ஊகித்தார்கள். சில மில்லிமீட்டர் துணுக்குகளை வைத்துக்கொண்டு ஒரு துணைக்கோளின் மேலோட்டையே சொன்ன துணிவு அது. அறிவியல் வரலாற்றில் இதற்கு இணையான தாவல்கள் மிகச் சில.

அனார்த்தசைட் பெரும்பகுதி ஒரே கனிமத்தால் ஆனது: கால்சியமும் அலுமினியமும் மிகுந்த பிளேஜியோகிளேஸ். நிறம் வெளிர், எடையும் குறைவு. பாறைக்குழம்பு குளிரும்போது இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனமான படிகங்கள் முதலில் உருவாகி அடியில் இறங்கும். குழம்பின் பெரும்பகுதி இப்படி உறைந்த பிறகு பிளேஜியோகிளேஸ் படிகமாகி மேலே மிதக்கத் தொடங்கும். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை கட்டுகிறதே, அந்தத் தோற்றம்தான். பாலாடை உருவாகும் வேதியியல் வேறு. நிலவு முழுவதும் இப்படி ஆடை கட்டியிருக்கிறது என்றால், அதன் மேற்பரப்பு முழுவதும் ஒரு காலத்தில் பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிய பாறையாக, கரையில்லாத நெருப்புக் கடலாக இருந்திருக்க வேண்டும். பாற்கடலைக் கடைந்தபோது சந்திரன் வந்தது என்ற புராணம் தெரிந்த வாசகருக்கு இங்கே ஒரு சிலிர்ப்பு ஏற்படலாம். அது கற்பனையின் செல்வம்; இது படிகங்களின் சாட்சியம். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு உண்டு.

1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15-இன் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் 269 கிராம் எடையுள்ள ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தார்கள். மலையடிவாரத்தில் புழுதிக் கட்டி ஒன்றின் மேல் அது தனியே பளிச்சிட்டது. கிட்டத்தட்ட முழுக்கப் பிளேஜியோகிளேஸ். வுட்டின் ஊகத்துக்கு உடலே கிடைத்தது.

நிலவையே உருக்கும் வெப்பம் எங்கிருந்து வந்தது? குளிர்ந்த தூசி மெல்லத் திரண்டால் அவ்வளவு சூடு ஏறாது. 1975-இல் வில்லியம் ஹார்ட்மனும் டொனால்ட் டேவிஸும் ஒரு விடை தந்தார்கள். மறு ஆண்டு அலெஸ்டர் கேமரனும் வில்லியம் வார்டும் தாங்களாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இளம் பூமியின் மீது இன்னொரு கோள் மோதியது. கேமரனும் வார்டும் கணக்கிட்டபடி அது செவ்வாய் அளவு பெரியது. நேராக அல்ல, சாய்வாக மோதியது. மோதிய கோளின் இரும்புக் கரு பூமியின் கருவோடு கலந்து மூழ்கியது. இரண்டின் மேலுறைகளும் உருகி, ஆவியாகி, பூமியைச் சுற்றி வளையமாகி, அந்த வளையம் திரண்டு நிலவானது. இரும்பு ஏன் குறைவு, சுழற்சி எங்கிருந்து வந்தது, நெருப்புக் கடல் எப்படி உண்டானது என்ற மூன்று பூட்டுகளும் ஒரே சாவியில் திறந்தன. 1984 அக்டோபரில் ஹவாய்த் தீவின் கோனாவில் கூடிய மாநாட்டுக்குப் பின் பெரும்பாலோர் இதை ஏற்றனர். மோதிய கோளுக்கு 2000-இல் தியா என்று பெயரிட்டார் அலெக்ஸ் ஹாலிடே. கிரேக்கப் புராணத்தில் நிலவுத் தெய்வத்தின் தாய் அவள்.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்த அத்தியாயமும் முடிந்திருக்கும். முடியவிடாமல் தடுத்தது ஆக்சிஜன்.

ஆக்சிஜன் அணுக்களில் மூன்று எடைகள் உண்டு: 16, 17, 18. இவற்றின் விகிதம் சூரியக் குடும்பத்தின் ஒவ்வொரு வட்டாரத்திலும் சற்றே மாறுகிறது. செவ்வாயிலிருந்து வந்த விண்கல்லை இதை வைத்தே அடையாளம் காணலாம். குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர், எந்த உயரத்து இலை என்று சொல்லிவிடுவதைப் போல. 2001-இல் ராபின் கேனப்பும் எரிக் ஆஸ்ஃபாக்கும் வெளியிட்ட கணினிக் கணக்கு மோதல் கருத்தை வலுப்படுத்தியது. ஆனால் இத்தகைய கணக்குகளில் நிலவின் பெரும்பங்கு தியாவின் பொருளால் ஆனது. அதே 2001-இல் அப்பல்லோ கற்களை மிக நுட்பமாக அளந்த ஒரு குழு, நிலவின் ஆக்சிஜனும் பூமியின் ஆக்சிஜனும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாக இருக்கின்றன என்று அறிவித்தது. 2012-இல் டைட்டானியமும் அதையே சொன்னது. முக்கால் பங்கு வேற்றுத் தோட்டத்து இலை, கால் பங்கு சொந்தத் தோட்டத்து இலை என்று கலந்த தேநீர், முழுக்கச் சொந்தத் தோட்டத்துச் சுவையோடு இருந்தால் என்ன நினைப்பது?

தியாவின் கைரேகையைக் காணோம். அதன் பிறகு நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தக் காணாமல் போன கைரேகையைத் தேடியதுதான். 2012-இல் மட்டீயா சூக், சாரா ஸ்டூவர்ட் இருவரும், மோதலுக்கு முன்பே பூமி வெறிபிடித்தாற்போல் சுழன்றிருந்தால், சிறிய தியாவே போதும், நிலவு பெரும்பாலும் பூமிப் பொருளால் அமைந்துவிடும் என்று காட்டினர். அதே ஆண்டு கேனப், கிட்டத்தட்டச் சம அளவுள்ள இரண்டு கோள்கள் மோதினால் இரண்டும் சமமாகக் கலந்துவிடும் என்றார். சில ஆண்டுகள் கழித்து சைமன் லாக்கும் ஸ்டூவர்ட்டும் இன்னும் ஒரு படி போனார்கள். மோதலில் பூமியே ஆவியாகி, நடுவில் பருத்து ஓரத்தில் விரிந்த ஒரு வடிவமாக ஊதிப்போக, அந்த ஆவிக்குள்ளேயே நிலவு துளித்துளியாகத் திரண்டது என்பது அவர்கள் கருத்து. 2017-இல் ரலூகா ரூஃபுவின் குழு, ஒரே மோதல் எதற்கு, சிறியவை பல மோதி, சிறு நிலவுகள் பல பிறந்து, அவை இணைந்திருக்கலாமே என்று கேட்டது. 2022-இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்த மிக நுட்பமான கணினிக் கணக்கு, நிலவு சில மணி நேரத்திலேயே உருவாகியிருக்கக் கூடும் என்றது.

அதைவிடத் துணிச்சலான கருத்து 2023-இல் வந்தது. பூமிக்கு அடியில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், ஆப்பிரிக்காவுக்குக் கீழே ஒன்றும் பசிபிக்கின் கீழே ஒன்றுமாகக் கண்டம் அளவுள்ள இரண்டு அடர்ந்த திரள்கள் இருப்பதை நிலநடுக்க அலைகள் காட்டியிருக்கின்றன. அவை தியாவின் எச்சங்களாக இருக்கலாம் என்று சியான் யுவானின் குழு வாதிட்டது. ஃபிஷர் பசிபிக்கின் மேற்பரப்பில் கண்ட வடு, அதன் அடியாழத்தில் இருக்கிறதோ என்னவோ. இதை உறுதி செய்ய இன்னும் ஆதாரம் வேண்டும்.

இத்தனைக்கும் அடித்தளமாக நின்றது நெருப்புக் கடல். அந்தக் கடல் நிலவு முழுவதும் பரவியிருந்ததா என்பதை அப்பல்லோ கற்களால் மட்டும் சொல்ல முடியாது. அப்பல்லோவும் சோவியத் லூனாவும் இறங்கியவை எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் கீழுமான இடங்கள். துருவப் பக்கத்து மண்ணை அதுவரை யாரும் இறங்கித் தொட்டதில்லை. அங்கே போக இந்தியா முயன்றபோது, கதை நாமக்கல்லுக்கு வந்தது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் வெள்ளைக் கல் நிலத்திலேயே தலைகாட்டிக் கிடக்கிறது. 1956-இல் ஏ. பி. சுப்பிரமணியம் இந்தப் பாறைத் தொகுதியை விரிவாக ஆராய்ந்து எழுதியபோது புவியியல் உலகம் திரும்பிப் பார்த்தது. இதுவும் அனார்த்தசைட்தான், வயது சுமார் 250 கோடி ஆண்டுகள், நீலகிரிக் கருங்கல்லின் காலத்தது. நிலவின் கல்லைப் போல நெருப்புக் கடலில் மிதந்து வந்ததல்ல. பூமிக்குள் குழம்பு படிவு படிவாக உறைந்து, பின்னர் வெந்து உருமாறியது. பிறப்பு வேறு, ஆனால் கனிமம் நெருங்கிய உறவு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எஸ். அன்பழகன் இந்தக் கல் ஒளியை எப்படிப் பிரதிபலிக்கிறது என்று அளந்து, நிலவின் மேட்டு நிலத்தோடு ஒப்பிட்டார். சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை இடித்து, சலித்து, நிலவு மண்ணின் துகள் அளவுக்குக் கொண்டுவந்து, டன் கணக்கில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். சந்திரயான் உலாவியின் சக்கரங்கள் அந்த மண்ணில்தான் நடை பழகின. இந்தச் செயற்கை நிலவு மண்ணுக்கு 2020-இல் இஸ்ரோ காப்புரிமை பெற்றது.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு, விழுப்புரத்துக்காரரான பி. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3 தென்துருவப் பக்கம், 69 பாகைத் தென் அட்சரேகையில் இறங்கியது. பிரக்யான் உலாவி 103 மீட்டர் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணை அளந்தது. அதன் கருவியில் கியூரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருந்தது. அது வீசும் ஆல்ஃபா துகளும் எக்ஸ் கதிரும் மண்ணில் படும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரைத் திருப்பி அனுப்பும். அதைப் பிடித்து, எது எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சந்தோஷ் வடவலே குழு 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டது. இரும்பு கலந்த அனார்த்தசைட். அப்பல்லோ 16-ம் லூனா 20-ம் மேட்டு நிலத்திலிருந்து கொண்டுவந்ததற்கு நெருங்கிய மண்.

பல்லாயிரம் கிலோமீட்டர் சுற்றளவுள்ள உருண்டையின் வேறொரு மூலையிலும் அதே ஆடை. கடல் நிலவு முழுவதும் பரவியிருந்தது என்ற கருத்துக்கு நேரடி அளவீடாகக் கிடைத்த வலுவான துணை இது. கூடவே எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக மக்னீசியமும் இருந்தது. அந்த இடத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டரில்தான் தென்துருவ எய்ட்கன் பள்ளத்தின் விளிம்பு தொடங்குகிறது; நிலவின் மிகப் பழைய, மிகப் பெரிய மோதல் பள்ளம் அது. ஆடையைக் கிழித்துக்கொண்டு அடியில் இருந்த கனமான பொருளை அந்த மோதல் மேலே வீசியிருக்க வேண்டும் என்கிறார்கள் வடவலே குழுவினர்.

இப்போது சண்டை வயதைப் பற்றி. அப்பல்லோ மண்ணில் கிடைத்த சிர்க்கான் படிகங்களை ஆராய்ந்த ஒரு குழு 2017-இல், நிலவு 451 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உறைந்தது என்றது. 2023-இல் இன்னொரு குழு, குறைந்தது 446 கோடி என்றது. ஆனால் வேறு பல கற்கள் 435 கோடியை ஒட்டிய வயதையே காட்டுகின்றன. பூமியின் இழுப்பால் நிலவு அப்போது இரண்டாம் முறை சூடேறி, பழைய கடிகாரங்களை அழித்துவிட்டது என்று 2024-இல் ஒரு விளக்கம் வந்திருக்கிறது. தீர்க்க வேண்டுமானால் புதிய இடத்து மண் வேண்டும். 2024 ஜூனில் சீனாவின் சாங்இ 6 நிலவின் மறுபக்கத்திலிருந்து ஏறக்குறைய 2 கிலோ கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்திய அமைச்சரவை சந்திரயான் 4-க்கு ஒப்புதல் அளித்தது. அதன் வேலை நிலவின் மண்ணைப் பூமிக்கு எடுத்து வருவது. வந்த பிறகு ஆய்வகத்தில் தேடப்போவது தலைமுடியின் தடிமனைவிடப் பெரிதாகாத சிர்க்கான் துகளை. அதற்குள் யுரேனியம் எவ்வளவு, அது மாறிப்போன காரீயம் எவ்வளவு என்று எண்ணுவார்கள்.